சுகுஸா, ஹை-ச்சூவா? பிறந்தநாள் பைக்கு எதை வாங்கலாம்

மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் பாலர் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் அம்மாக்களில் இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது, வகுப்பில் எல்லாருக்கும் ஒரு சின்னப் பை கொடுக்க வேண்டும், அதில் புளிப்பும் இனிப்புமாக மெல்லுகிற பழ மிட்டாய் போட ஆசை. சுகுஸ் வாங்கலாமா, ஹை-ச்சூ வாங்கலாமா அக்கா?

கேட்டால் சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வகுப்பில் நம் பிள்ளைகளோடு மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளிலேயே மாட்டிறைச்சி தொடாத வீடு உண்டு, வெள்ளிக்கிழமை முழுச் சைவமாக இருக்கும் வீடு உண்டு, முட்டைகூடச் சேர்க்காத வீடும் உண்டு. ஒரு பிள்ளை ஆசையாகப் பிரித்த மிட்டாயை ஆசிரியை கையிலிருந்து வாங்கி வைக்க நேர்ந்தால் அந்த முகம் எப்படி வாடிப்போகும்! அதை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த முறை யோசித்துத்தான் வாங்குவார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். யார் யார் இதைச் சாப்பிட முடியும் என்பது முதலாவது. சுவையும் மெல்லும் பதமும் எப்படி என்பது இரண்டாவது. நம் ஊர் வெயிலையும் ஈரக்காற்றையும் தாங்குமா, ஒரு துண்டுக்கு உண்மையில் என்ன விலை விழுகிறது, பல்லுக்கு என்ன செய்யும் என்பவை மற்ற மூன்று.

ஐந்தும் ஒரே எடை கொண்டவை அல்ல. வீட்டுக்கு வாங்கினால் சுவைதான் முதலில் வரும். ஊருக்குக் கொடுக்க வாங்கினால் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் மற்ற நான்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

## எல்லாவற்றுக்கும் முன்னால் ஜெலட்டின்

இந்த வகை மிட்டாய் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதும் விளங்கும். சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் காய்ச்சி, கொஞ்சம் தாவரக் கொழுப்பு சேர்த்து, புளிப்புக்கு சிட்ரிக் அமிலமும் மணத்துக்குப் பழச் சாரமும் கலக்கிறார்கள். அப்புறம் அந்தப் பாகை இழுத்து மடித்து, மறுபடி இழுத்துக் காற்றேற்றுவார்கள். ரப்பர் மாதிரி இழுபடும் பதம் வருவதற்குப் பெரும்பாலும் ஜெலட்டின் சேர்ப்பது வழக்கம். ஜெலட்டின் என்பது விலங்கின் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்தி எடுக்கிற புரதம். மாட்டிலிருந்து வரலாம், பன்றியிலிருந்து வரலாம், சில சமயம் மீனிலிருந்தும் வரலாம்.

இங்கேதான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். ஹலால் முத்திரை இருந்தால் எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறோம். முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்த முத்திரை போதுமான பதில். இந்துக் குடும்பங்களுக்கு அது பாதிப் பதில்தான். பன்றி இல்லை என்று அது சொல்கிறது, மாடு இல்லை என்று சொல்லவில்லை. முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலட்டின் ஹலால்தானே!

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தைப்பூசத்தில். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தெரிந்தவர்கள் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலுக்கு, பிள்ளைகளுக்குக் கொடுக்க என்று ஒரு பெரிய பை மிட்டாய் கொண்டுபோனேன். இந்தக் கட்டுரையில் வரும் இரண்டுமல்ல, வேறொரு வகை. விரதம் இருந்த ஒரு பெரியம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிப் படித்தார். "இதுல மாடுன்னு போட்டிருக்கேம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் திட்டவில்லை. ஆனால் அதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் வாயில் போட்டுவிட்டார்கள், அவர்களில் இரண்டு பேர் அம்மாவோடு சேர்ந்து விரதம் இருந்தவர்கள். அந்த அம்மாக்களிடம் போய்ச் சொன்ன நிமிடம் இன்றைக்கும் எனக்குப் பாரமாக இருக்கிறது.

அந்தப் பெரியம்மாவால் படிக்க முடிந்ததற்கு ஒரு சட்டம் காரணம். மலேசியாவின் 1985 உணவு விதிமுறைகளின்படி, ஒரு பொருளில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து எடுத்த எதுவுமோ இருந்தால் அதைப் பொட்டலத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உள்நாட்டில் தயாரித்ததில் இது மலாயில் இருக்கும். இறக்குமதிப் பொருளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். மலாயில் தேட வேண்டிய சொற்கள் மூன்று: மெஙாண்டுஙி (mengandungi) என்றால் அடங்கியுள்ளது, லெம்பு (lembu) என்றால் மாடு, பாபி (babi) என்றால் பன்றி. ஜெலட்டின் என்று மட்டும் எழுதி எந்த விலங்கு என்று சொல்லாத பொட்டலத்தை நான் கூட்டத்துக்கு வாங்குவதில்லை.

இன்னொன்று, பெயரை நம்பாதீர்கள், பொட்டலத்தை நம்புங்கள். ஒரே மிட்டாய் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி செய்யப்படுகிறது. ஸ்டார்பர்ஸ்ட் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் விற்கும் ஸ்டார்பர்ஸ்டில் ஜெலட்டின் உண்டு, பிரிட்டனில் விற்பதில் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா வாங்கிவந்ததும் இங்கே கடையில் இருப்பதும் ஒரே பெயரில் இருக்கலாம், ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

## சுகுஸ்

சுகுஸ் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. நெஷாத்தல் நகரத்து சுஷார் நிறுவனம் 1931-இல் அறிமுகப்படுத்தியது. அப்புறம் பல கை மாறி 2005-இல் ரிக்லியிடம் போனது. அந்த ரிக்லியை 2008-இல் மார்ஸ் வாங்கியது. ஹாங்காங்கில் இதற்குச் 'சுவிஸ் மிட்டாய்' என்றே பெயர். ஸ்பெயினில் அன்னாசிச் சுவைக்கு நீலத்தாள் சுற்றுவார்கள், அங்கே அது பெரிய பேச்சு. நமக்கு, அதாவது பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் வளர்ந்தவர்களுக்கு, சுகுஸ் என்றால் சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு மேசையில் வட்டத் தட்டில் குவிந்திருந்த வண்ணக் கட்டிகள்தான்.

முதல் கடியில் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். வாயின் சூட்டில் மெல்ல மெல்லக் குழைந்து சாறாக ஓடிவிடும். புளிப்பு நாக்கின் ஓரத்தில் சட்டென்று தட்டும், அப்புறம் இனிப்பு வந்து அதை மூடிக்கொள்ளும். அதிக நேரம் நிற்காது. எனக்கு இதில் எலுமிச்சையும் ஆரஞ்சும்தான் உயிர். பிள்ளைகள் திராட்சைக்கும் ஸ்ட்ராபெரிக்கும் ஓடுவார்கள்.

இதன் மறைமுகச் செலவு கலவைப் பொட்டலத்தில் இருக்கிறது. எல்லாச் சுவையும் சமமாகத் தீராது. கடைசியில் ஒரே நிறம் அடியில் தங்கி, மாதக்கணக்கில் டின்னில் கிடக்கும். இன்னொரு செலவு பழைய சரக்கு. சின்ன மளிகைக்கடைகளில் நாள்பட்ட பொட்டலம் மாட்டினால் கட்டி கல்லாக இருக்கும், இல்லையென்றால் தாள் மிட்டாயோடு ஒட்டி உரிபடாமல் வரும். தேதியைப் பாருங்கள், பொட்டலத்தை அழுத்தியும் பாருங்கள். துண்டுகள் தனித்தனியாக உருண்டால் நல்லது, ஒரே கட்டியாக இருந்தால் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது என்று பொருள்.

யார் சாப்பிடலாம் என்ற கேள்விக்கு, மேலே சொன்னபடி நீங்கள் வாங்கும் பொட்டலத்தின் பின்பக்கம்தான் பதில். சுகுஸ் பல நாடுகளிலிருந்து வருவதால் போன முறை பார்த்தது இந்த முறைக்குச் செல்லாது.

## ஹை-ச்சூ

ஹை-ச்சூவைச் செய்வது ஜப்பானின் மொரினாகா. அந்த நிறுவனமும் 1931-இல்தான் இதற்கு முன்னோடியான ச்சூலெட் என்ற மிட்டாயை வெளியிட்டது. இரண்டு மிட்டாய்களின் வேரும் ஒரே ஆண்டில் இருப்பது எனக்குப் பிடித்த தகவல். ஹை-ச்சூ என்ற பெயரில் வந்தது 1975-இல். துண்டு துண்டாகத் தாள் சுற்றிய இப்போதைய வடிவம் 1996-இல் வந்தது.

இதன் பின்னால் ஓர் அழகான காரணம் சொல்கிறார்கள். வாயில் போட்டதை வெளியே எடுப்பது ஜப்பானியர்களுக்கு மரியாதைக் குறைவு. சூயிங்கம் மென்றால் துப்பித்தானே ஆக வேண்டும்? அதனால் சூயிங்கம் மாதிரி மெல்லலாம், ஆனால் விழுங்கிவிடலாம் என்று ஒன்றைச் செய்ய மொரினாகாவை நிறுவியவர் விரும்பினாராம். மென்று பார்த்தால் அந்த எண்ணம் அப்படியே தெரிகிறது. பற்களுக்கிடையே பஞ்சுபோல அமுங்கி, மறுபடி எழும்பும். சுகுஸைவிட நீண்ட நேரம் நிற்கும். ஒரு துண்டு இரண்டு அடுக்காக இருக்கும், வெளியே வெளிர் உறை, உள்ளே பழ நிறம். புளிப்பு மெதுவாக ஊறி வரும். பச்சை ஆப்பிள் சுவையை ஒருமுறை மென்று பாருங்கள், தாடை ஓரத்தில் கூசும். அந்தக் கூச்சத்துக்காகவே அதை வாங்குகிறவள் நான். மெல்லும் சுகம் மட்டும்தான் அளவுகோல் என்றால் ஹை-ச்சூ பக்கம்தான் என் ஓட்டு.

சிங்கப்பூரில் உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1992-இலிருந்து சூயிங்கம் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. ஹை-ச்சூ சூயிங்கம் அல்ல, கரைந்து போகும் மிட்டாய், அங்கேயே கடைகளில் விற்கிறார்கள். பயப்படாமல் கொண்டுபோகலாம்.

ஆனால் ஜெலட்டின் விஷயத்தில் ஹை-ச்சூவிடம் கூடுதல் கவனம் வேண்டும். இதன் இழுவையே ஜெலட்டினால் வருவது. ஆகவே முழுச் சைவக்காரர்களுக்கு இது கிடையாது, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு எந்த விலங்கு என்பதுதான் கேள்வி. ஜப்பான், தைவான், அமெரிக்கா என்று பல நாட்டுத் தொழிற்சாலைகளில் இது தயாராகிறது. ஜப்பானியத் தின்பண்டம் மட்டும் விற்கிற கடைகளில் அழகழகான உறைகளில் இருப்பது பெரும்பாலும் நேரடி இறக்குமதி, ஹலால் முத்திரை இல்லாமலே இருக்கும். பேரங்காடி அலமாரியில் முத்திரையோடு ஒன்று இருந்தால் அது வேறு சரக்கு. மலாய் நண்பர்களுக்குக் கொடுக்கும்போது இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

## விலை, வெயில், பல்

விலையைப் பொட்டலத்துக்குப் பொட்டலம் ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். துண்டுக் கணக்குப் போடுங்கள். கணக்கு விளங்குவதற்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன்: கலவைப் பொட்டலம் 6 ரிங்கிட், 30 துண்டு. துண்டுகளை வரிசையாக அடுக்கிய குச்சிப் பொட்டலம் 3 ரிங்கிட், 7 துண்டு. அப்படியானால் முதலாவது துண்டுக்கு 20 சென், இரண்டாவது ஏறக்குறைய 43 சென். 28 பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று என்றால் 84 துண்டு. முதலாவதில் 3 பொட்டலம், 18 ரிங்கிட். இரண்டாவதில் 12 பொட்டலம், 36 ரிங்கிட். ஆளுக்கொரு முழுக் குச்சி கொடுத்தால் பார்க்க அழகுதான், ஆனால் 84 ரிங்கிட். உங்கள் கடை விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பொதுவாக இது பெரிய பொட்டலத்துக்குச் சாதகமாகத்தான் முடியும்.

வெயில் இரண்டுக்குமே பகை. பாகில் செய்த மிட்டாய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், சூட்டில் இளகித் தாளோடு ஒட்டும். நிறுத்திவைத்த காருக்குள் ஒரு மதியம் இருந்தால் போதும். மென்மையானது என்பதால் ஹை-ச்சூ முதலில் உருவம் மாறும், சுகுஸ் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் எடுத்த உடனே பிரிக்கக் கூடாது. குளிர்ந்த மிட்டாயின் மேல் ஈரம் படிந்து ஒட்டிவிடும், கடித்தால் பல்லுக்கும் ஆபத்து. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், வெளியே எடுத்த பிறகு டப்பாவைத் திறக்காமலே அரைமணி நேரம் விடுங்கள்.

பல்லைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே குற்றவாளிதான். சர்க்கரை ஒரு பக்கம், அமிலம் ஒரு பக்கம், பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்வது இன்னொரு பக்கம். வாயில் அமிலம் கூடி, அதை அளக்கும் பி.எச். எண் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். நீண்ட நேரம் மெல்லுவதால் ஹை-ச்சூ கொஞ்சம் கூடுதலாகத் தொல்லை தரும் என்று நினைக்கிறேன். சாப்பிட்டவுடன் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். புளிப்புத் தின்ற கையோடு பல் துலக்க வேண்டாம், அரைமணி நேரமாவது கழியட்டும். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளுக்கும், பல் அடைத்தவர்களுக்கும், பல்லுக்கு மேல் தொப்பி (கிரவுன்) மாட்டியவர்களுக்கும் இரண்டுமே வேண்டாம். நாலு வயது நிரம்பாத பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைக்கும். பிறந்தநாள் பை வீட்டுக்குப் போனால் தம்பி தங்கையும் அதில் கை வைப்பார்கள், இதை மறந்துவிட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | சுகுஸ் | ஹை-ச்சூ |
|---|---|---|
| பதம் | முதலில் கெட்டி, சீக்கிரம் கரையும் | மென்மை, நீண்ட நேரம் இழுபடும் |
| புளிப்பு | சட்டென்று வரும், சட்டென்று போகும் | மெதுவாக ஊறும், தங்கும் |
| துண்டு விலை | பெரும்பாலும் குறைவு | பெரும்பாலும் அதிகம் |
| வெயிலில் | ஓரளவு தாங்கும் | சீக்கிரம் இளகும் |
| சைவம் | பொட்டலத்தைப் பார்த்தே முடிவு | இல்லை |

## யாருக்கு எது

வகுப்பில் கொடுக்கும் பைக்கு, பொட்டலம் எல்லாருக்கும் பொருந்துகிறது என்று உறுதியானால் சுகுஸ். துண்டாக எண்ணிப் போடலாம், விலை கட்டும், சூட்டையும் ஓரளவு தாங்கும். பள்ளியில் மிட்டாய் கொடுக்க அனுமதி உண்டா என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். பல பள்ளிகளில் வேண்டாம் என்பார்கள். 28 பை கட்டி முடித்த பிறகு அது தெரிந்தால் மனசு விட்டுப்போகும்.

பதின்ம வயது மகனுக்கோ தோழிக்கோ ஆசையாக ஒன்று வாங்க வேண்டும், அவர்கள் சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை, எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியும் என்றால் ஹை-ச்சூ. கோலாலம்பூருக்குக் காரில் போகும்போது தூக்கம் வராமல் இருக்க வாயில் எதையாவது மெல்ல வேண்டியவர்களுக்கும் அதுதான். ஏர்கோன் ஓடும் வரை அது பத்திரமாக இருக்கும்.

கோயில் நிகழ்ச்சி, விரத நாள், யார் வருவார்கள் என்றே தெரியாத பொது விருந்து என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். உறுதியாகத் தெரியாத ஒன்றை இன்னொருவர் பிள்ளையின் வாயில் போட நமக்கு உரிமையில்லை. அப்படிப்பட்ட நாளுக்குப் புளிப்பும் மெல்லும் சுகமும் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே வழி இருக்கிறது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இந்தியாவிலிருந்து வரும் மிட்டாய்ப் பொட்டலங்களைப் பாருங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம், இந்தியச் சட்டப்படி போட வேண்டிய குறி அது. அதிலே புளி மிட்டாயும் கிடைக்கும். கடுஞ்சைவக்காரர்கள் 120 என்ற சிவப்பு நிறமூட்டி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், அது ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது.

இல்லையென்றால் சௌராஸ்தா சந்தைக்குப் போங்கள். பினாங்கின் பெயர் சொல்லும் ஜாதிக்காய் ஊறல் அங்கே கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக இருக்கும். ஜாதிக்காயின் சதையைச் சீவிச் சர்க்கரையில் ஊறப்போட்டது, மெல்ல மெல்லக் காரமும் புளிப்பும் கலந்து வரும். சின்னப் பிள்ளைகளுக்குக் காரம் கூடுதல்தான், பெரியவர்களுக்குப் பிரமாதம். போன தைப்பூசத்துக்கு நான் பந்தலுக்கு எடுத்துப்போனது பிள்ளைகளுக்குப் பச்சைப் புள்ளி போட்ட புளி மிட்டாய், பெரியவர்களுக்கு ஜாதிக்காய். அந்தப் பெரியம்மா இந்த முறையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிப் படித்தார். படித்து முடித்து, பேத்திக்கு ஒன்று பிரித்துக் கொடுத்தார்.